என் போனுக்கு வந்த ஆறு எண்கள்

என் தங்கை தமிழ்வாணிக்கு இருபத்து நான்கு வயது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அப்பாவும் அம்மாவும் பேரையூர்ப் பக்கம் அடுத்தவர் காட்டில் களை வெட்டிய நாட்களில், நான் பத்தாவதோடு நின்று செல்லூரில் தையல் கடைக்குப் போனேன். அவளை நிற்க விடவில்லை. அவள் புத்தகங்களுக்கு அட்டை போட்டதும், விண்ணப்பங்களை நிரப்பியதும் நான்தான். அவளிடம் போன் இல்லாத காலத்தில் இணையத்தில் எந்தக் கணக்குத் தொடங்கினாலும் என் எண்ணைத்தான் கொடுப்பாள்.

ஒரு புரோகிராம் ஓடவில்லை என்றால் அவளுக்குச் சோறு இறங்காது. கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டே இருப்பாள். என்னவென்று கேட்டால், "உனக்குப் புரியாதுக்கா" என்பாள்.

போன மாதம் அவளுக்கு வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. லேப்டாப்பில் இருப்பதை மொத்தமாக அழித்து, புதிதாக எல்லாம் ஏற்றி, திங்கள் காலை பத்து மணிக்குத் தயாராக இருக்கச் சொல்லியிருந்தார்கள். அழிப்பதற்கு முன் அதிலிருந்த மென்பொருள்களின் பெயர்களை நான் ஒரு நோட்டில் எழுதினேன். மொத்தம் பதினேழு. எதற்குப் பின் எது என்று அவளிடம் கேட்டு வரிசை எண்ணும் போட்டேன்.

ஞாயிறு மதியம் கோச்சடையிலிருந்து இந்துப்ரியா வந்தாள். தமிழ்வாணியோடு படித்தவள், அதே கம்பெனியில் ஒரு வருடம் முன்பே சேர்ந்தவள். நோட்டை நீட்டினேன்.

"ஐயோ அக்கா, இம்புட்டு எழுதுனீங்களா? என்கிட்ட ஒரு ஃபைல் இருக்கு. ஓட விட்டா அம்புட்டும் தானா ஏறிரும்."

"எங்கக்கா அப்படித்தான்டி" என்று தமிழ்வாணி சிரித்தாள். "உப்பு டப்பால கூட தேதி எழுதி ஒட்டும்."

இந்துப்ரியாவும் சிரித்தாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். கருந்திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓட, இருவரும் தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். "இது எதுக்குடி? அது ஏன்டி?" என்று தங்கை கேட்டுக்கொண்டே இருந்தாள். என்னிடம் அவள் அப்படி எதையும் கேட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது.

மூன்று மணிக்குமேல் என் போன் அதிர்ந்தது. ஆறு இலக்க எண் ஒன்று வந்திருந்தது.

"அக்கா, என் பழைய கணக்கத் தொறக்க உன் போனுக்கு ஒரு நம்பர் வந்துச்சா?" என்று தமிழ்வாணி கேட்டாள்.

பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்: "ஒண்ணும் வரலையே."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது யோசிக்கவில்லை. இந்துப்ரியாவின் ஃபைலில் இல்லாத ஒன்று என் கையில் இருந்தது. அது இன்னும் கொஞ்ச நேரம் என்னிடமே இருக்கட்டும் என்று தோன்றியது.

இரண்டாம் முறையும் வந்தது. இரண்டாம் முறையும் இல்லை என்றேன்.

"இன்னும் ஒரு தடவதான் கேக்க விடும்டி. அப்புறம் ஒரு நாளைக்குப் பூட்டிரும்" என்றாள் இந்துப்ரியா. "விடு, புதுசா ஒரு கணக்குப் போட்டுக்கலாம்."

"நாலு வருசமா எழுதுன புரோகிராம் எல்லாம் அதுலதான்டி கெடக்கு. அதப் பாத்துத்தான் என்னைய எடுத்தாங்க. நாளைக்கு அதக் காட்டலன்னா என்ன சொல்லுவேன்?"

குரல் உடைந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். அவள் கட்டைவிரல் வாயில் இருந்தது.

"இன்னொரு தடவ அனுப்பச் சொல்லு" என்று போனைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்றாவது எண் வந்தது. அதற்கு மேலே முதல் இரண்டும் இருந்தன. மூன்று பத்து, மூன்று பதினெட்டு என்று நேரத்தோடு. தமிழ்வாணி அவற்றைப் பார்த்தாள். பிறகு எண்ணைத் தட்டினாள். கணக்கு திறந்தது.

"சிக்னல் லேட்டாக்கா?" என்று இந்துப்ரியா கேட்டாள்.

நான் வாய் திறப்பதற்குள் தங்கை சொன்னாள்: "ஆமாடி. எங்க வீட்ல டவர் சரியா கெடைக்காது."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு அந்தக் கணக்கிலேயே வேறொரு பக்கத்தைத் திறந்தாள். அங்கே இருந்த என் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக அழித்தாள். அந்த இடத்தில் தன் எண்ணைப் போட்டாள்.

"இனிமே உனக்குத் தொந்தரவு இல்லக்கா" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.