காயாத பலாக்கட்டை

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் செருப்பைக் கழற்றுவார்கள், அப்புறம் உட்கார இடம் தேடுவார்கள். நாற்காலி இரண்டு உண்டு. இரண்டின் மேலும் மரம் இருக்கும். கட்டிலுக்கு அடியில் மரம், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் மரம், வாஷிங் மிஷினுக்கு என்று மகள் மதுமதி அளந்து வைத்த இடத்திலும் மரம். அவளைப் பெண் பார்க்க உடுமலைப்பேட்டையிலிருந்து வந்தவர்களைப் பலாக்கட்டை மேல் ஜமக்காளம் விரித்துத்தான் உட்கார வைத்தோம். மாப்பிள்ளையின் அப்பா எழுந்திருக்கும்போது எங்கள் வீட்டுக்காரர் பதறிப்போய், "பாத்துங்க, பாத்துங்க" என்று ஓடினார். தன் மேல் இத்தனை அக்கறையா என்று அந்த மனிதர் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கட்டை உருண்டு அடிபட்டுவிடுமோ என்று இவர் ஓடியது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டுக்காரர் பெயர் சாமியப்பன். தவிலுக்கு மரக்கூடு கடைகிறவர். வேலம்பாளையத்தில் எங்கள் சந்து முழுவதும் பனியன் துணியோடு பிழைக்கிறது, இவர் ஒருவர் மரத்தோடு. வருஷத்துக்கு நாலைந்து தவில் செய்வார். நாற்பது தவிலுக்கு மரம் சேர்ப்பார். தவிலுக்குப் பலாமரம்தான் வேண்டும். ஆனாலும் பக்கத்துப் பனியன் கம்பெனிக்கு வெளிநாட்டு மிஷின் வந்து இறங்கினால் அந்தப் பெட்டிப் பலகையையும் கேட்டு வாங்கி வந்துவிடுவார்.

"இது எதுக்குங்க?"

"தவிலுக்கு ஆகாது."

"அப்பறம்?"

"நல்ல மரம் புள்ள."

அதற்கு மேல் என்ன கேட்பது.

இருக்கிற மரத்தை எடுத்து அறுங்கள் என்றால் ஒரே பதில்தான்: "இன்னும் காயணும்." விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார், காதைச் சாய்ப்பார், வைத்தியர் நாடி பார்த்தது போல உதட்டைப் பிதுக்குவார். அன்றைக்கே போய் வேறு மரம் வாங்கி வந்து அதில் வேலை செய்வார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன் ஆயிற்று. இவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று எங்கள் முருகனுக்கு வேண்டிக்கொண்டார், பிழைத்து எழுந்தால் கோவிலுக்குத் தன் கையால் ஒரு தவில் செய்து தருகிறேன் என்று. நான் எழுந்துவிட்டேன். தவில் எழவில்லை. முருகனுக்குக் கொடுப்பது என்றால் சாதாரண மரமா, அதற்கென்று ஒரு மரம் அமைய வேண்டும் என்றார். சரி, அதுவும் நியாயம்தான் என்று இருந்தேன்.

மரம் அமையவும் அமைந்தது. வெள்ளகோவிலில் தூரத்துச் சொந்தம் அய்யாசாமி மாமா தவறிப்போனார். எழவுக்குப் போன இடத்தில் வீட்டுக்குப் பின்னால் காற்றில் சாய்ந்த பலாமரம் ஒன்றை இவர் பார்த்துவிட்டார். துக்கத்துக்குக் கை கொடுத்துவிட்டு வந்தவர் என் காதோரம் வந்து, "எப்புடிப்பட்ட மரம், பாத்தியா" என்றார். நான் முறைத்தேன். மரத்தைக் கேட்கக் காரியம் முடிகிற வரைக்கும் பொறுத்திருந்தாராம், அதைப் பெருமையாகச் சொன்னார். மறுநாள் அடிமரம் டெம்போவில் வந்து இறங்கியது. வாசற்படிக்குள் நுழையவில்லை. சந்தோரம் எங்கள் சுவரை ஒட்டி நிறுத்தி வைத்தார். அதுதான் முருகனுக்கு என்று முடிவாயிற்று.

ஒரு வருஷம் போனது. "இன்னும் காயணும்." இரண்டாவது வருஷமும் போனது. ஒவ்வொரு கிருத்திகைக்கும் கோவிலுக்குப் போவேன், தூணுக்குப் பின்னால் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். பிழைத்தது நான் அல்லவா. நேரே முகம் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

இதற்கு நடுவில் கட்டைக்கு ஒரு சோதனை வந்தது. டீ நேரத்தில் வெளியே வருகிற கம்பெனி ஆட்கள் அதன் மேல் பான்பராக் துப்பினார்கள். அவசரத்துக்கு ஒதுங்கவும் ஆரம்பித்தார்கள். இவர் சொல்லிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். ஒரு நாள் காலையில் பார்த்தால் கட்டை முழுக்க மஞ்சள் பூசி, மூன்று பட்டை விபூதி இட்டு, நடுவில் குங்குமம் வைத்திருந்தார். அன்றோடு துப்புவது நின்றது. இவருக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் அதன் தலையில் ஒரு செவ்வரளி இருந்தது. வாரக் கடைசியில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. எதிர்வீட்டுப் பாண்டியம்மாள் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள், பனியன் செக்கிங் வேலை. மகள் கீர்த்தனா பாஸாக வேண்டும் என்று அங்கே ஒரு விளக்கு வைத்தாள். கீர்த்தனா பாஸாகிவிட்டாள். அப்புறம் கேட்க வேண்டுமா. ஷிப்டுக்குப் போகிறவர்கள் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். இந்திக்காரப் பையன்கள் தேங்காய் உடைத்தார்கள். கட்டைச்சாமி என்று பெயரும் வந்துவிட்டது.

தை பிறக்க ஒரு மாதம் இருக்கும்போது நான் கேட்டேன். "ஏனுங்க, இந்தத் தைப்பூசத்துக்காவது தவிலக் குடுத்தரலாமுங்களா?"

"எப்புடிக் குடுக்கறது? கட்டை சாமியாயிருச்சே. சாமி மேல வாளு வெக்க முடியுமா?"

கவலையாகத்தான் சொன்னார். ஆனால் முகத்தில் ஒரு பொட்டுக் கவலை இல்லை. இனிமேல் அந்தக் கட்டையை யாரும் அறுக்கச் சொல்ல முடியாது என்ற சந்தோஷம் அது என்று இருபத்தைந்து வருஷம் கூட இருந்தவளுக்குத் தெரியாதா.

"அப்பச் சாமிகிட்டயே பூக் கேட்டுரலாமுங்க" என்றேன்.

எங்கள் பக்கத்தில் தீராத காரியத்துக்கு அப்படித்தான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. சாமி முன்னால் வைத்து, விவரம் தெரியாத குழந்தையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சம்மதம். இவரால் மறுக்க முடியவில்லை.

பொட்டலம் கட்டியது நான். நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையையே வைத்துக் கட்டினேன். தப்புத்தான். முருகா, உனக்கு நேர்ந்ததை உன்னிடம் சேர்க்கத்தான் இதைச் செய்கிறேன், குற்றம் என்றால் என் மேல் எழுதிக்கொள் என்று சொல்லி, அந்தச் செவ்வரளியை முருகன் படத்துக்கே சாத்திவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை சந்தே கூடிவிட்டது. பாண்டியம்மாளின் அக்கா பேத்தி வினிதாவுக்கு நாலு வயது. அவள் வலது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தார்கள். வெள்ளை.

இவர் தொண்டையைக் கனைத்தார். "எதுக்கும் இன்னொருக்காக் கேட்டுரலாமா?"

"ஏண்ணே, சாமிட்டப் போயிப் பேரம் பேசுவீகளா?" என்றாள் பாண்டியம்மாள். "விளக்கு வச்ச எனக்கே மனசு கஷ்டமாத்தான் இருக்கு. போறது முருகன் கோயிலுக்குத்தான? போகட்டும்ணே."

இவர் குனிந்து மற்ற பொட்டலத்தை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மரம் என்றால் தட்டியிருப்பார். நான் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். "யாரு காலும் பட்டரக் கூடாது" என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பெண்கள் கட்டைக்குத் தண்ணீர் ஊற்றி மஞ்சளைக் கழுவிக் கொடுத்தோம். வாள் இறங்கியதும் உள்ளே மரம் பொன் மாதிரி இருந்தது. நான் பக்கத்தில் நின்றுகொண்டு, "காஞ்சிருக்குதுங்களா?" என்றேன்.

அவர் தூளை ஊதிவிட்டு, "போன வருசமே காஞ்சிருக்கும்" என்றார். மறுபடியும் வாளைப் பிடித்து, "இப்ப என்ன அதுக்கு" என்றார்.

தைப்பூசத்தன்று புதுத் தவில் கோவிலில் பேசியது. நாதத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. தூணை விட்டு முன்னால் வந்து நின்று கும்பிட்டேன், அது தெரியும். இவர் கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பக்திதான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வரும்போது, "கோயலுக்குப் பின்னால ஒரு பலாமரம் பட்டுப் போயிட்டிருக்குது, கவனிச்சியா" என்றார்.

சுவரோரம் காலியாகப் பதினோரு நாள்தான் இருந்தது. இப்போது அங்கே வேறு கட்டை. இதற்கு மட்டும் மஞ்சள் பூசக் கூடாது என்று இவரைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். பாண்டியம்மாள் தள்ளி ஒரு செங்கல் மேல் விளக்கு வைக்கிறாள்.

போன வாரம் ஊசி நூல் தேடி அவருடைய உளிப்பெட்டியைத் திறந்தேன். உளிகளுக்கு நடுவில், ஒரு துணியில் சுற்றி, அந்தப் பொட்டலம். நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அவர் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"பிரிச்சுப் பாக்கவே இல்லீங்களா?" என்றேன்.

என் கையிலிருந்து அதை வாங்கினார். விரல் முட்டியால் மெதுவாக இரண்டு தட்டு தட்டினார். காதைச் சாய்த்தார். என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னும் காயணும் புள்ள" என்று சொல்லிவிட்டு, பெட்டியிலேயே வைத்து மூடினார்.