மூன்றாவது அழைப்பு

இதை எங்கள் குழுவில் யாருக்கும் நான் சொன்னதில்லை.

நிந்தவூரில் கோல்களைத் தட்டிப் பாடி ஆடும் எங்கள் பொல்லடிக் குழுவுக்கு ‘சோளகம்’ என்று பெயர். தென்மேற்கிலிருந்து வீசும் காற்றின் பெயர் அது. வீரமுனையில் சில இளைஞர்கள் ஒரு மெல்லிசைக் குழு தொடங்கி அதே பெயரை வைத்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்களைத் தேடி என் தொலைபேசிக்குத் தவறுதலாக மூன்று அழைப்புகள் வந்தன. மூன்று பேரிடமும், “அந்தக் குழு கலைஞ்சி பெய்த்து” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகு சாய்ந்தமருதில் ஒரு கலியாண வீட்டில் ஆடினோம். மாப்பிள்ளையின் வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் முதல்ல போன் எடுத்தது வீரமுனைக்கு. அங்க பாடுற தம்பிதான், ‘பொல்லடியெண்டா நிந்தவூர்ச் சோளகம்தான்’ எண்டு உங்கட நம்பரத் தந்தாரு.”

மறுநாள் காலையே அந்தத் தம்பிக்கு அழைத்து, நான் செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“தெரியும் காக்கா,” என்றார், அண்ணனை அழைப்பதுபோல. “நாங்க கலைஞ்சிட்டமாம் எண்டு ஊருல கதை வந்திச்சு. ஆரு சொல்றதெண்டு பார்க்க உங்களுக்கு எடுத்தன். மூண்டாவதாக் கதைச்சது நான்தான்.”

“தெரிஞ்சும் ஏன் எங்கட நம்பரக் குடுத்தீங்க?”

“அதுக்காக உங்கட பொல்லடி சரியில்லையெண்டு சொல்லேலுமா?”

அந்தப் பெயரை முதலில் வைத்தவன் நான்தான். அதற்கு ஏற்ற ஆள் வீரமுனையில் இருக்கிறார்.