வெள்ளிக்கிழமை ஓடாத ஸ்கிரிப்ட்

கல்யாணமான நாளிலிருந்து எனக்கும் என் மனைவிக்கும் சேர்ந்தாற்போல் கிடைத்தது சனிக்கிழமை மட்டும்தான். அவளுக்கு சிங்கப்பூரில் வேலை. சனி, ஞாயிறு லீவு. எனக்கு இக்கரையில், மலேசியாவின் ஜொகூர் பாருவில்; வெள்ளி, சனி லீவு. வெள்ளிக்கிழமை நான் தனியாகத் துணி துவைப்பேன். ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாக ஆட்டுக்கறி சமைத்து எனக்கொரு பங்கு மூடி வைப்பாள். தினமும் விடியுமுன்னே எல்லைப் பாலமான காஸ்வேயின் நெரிசலில் நிற்கிறவள் ஞாயிறாவது தூங்கட்டுமே என்று, காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி வெளியே போவேன்.

அப்புறம் ஜொகூர் மாநிலத்திலும் இனி சனி, ஞாயிறுதான் லீவு என்று அறிவித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் ஞாயிறு பொந்தியானுக்குப் போய்க் கடலோரமாக உட்கார்ந்து மீன் சாப்பிடுவது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

அதில் மண்ணைப் போடப் பார்த்தது எங்கள் ஆபீஸ். நாங்கள் செய்வது பள்ளி வேன்களுக்கான செயலி. பிள்ளை ஏறியாச்சா, இறங்கியாச்சா என்று பெற்றோர் கைப்பேசியில் பார்க்கலாம். அதன் அமைப்புகள் எல்லாம், லீவு நாட்கள் உட்பட, ஒரே நீளக் கோப்பில் கிடந்தன. லீவு மாறுகிற அதே வாரம் பார்த்து அதைத் தூக்கிவிட்டுப் புது முறைக்கு மாறினோம்: தனித்தனிக் கோப்புகள், புதுப்புதுப் பெயர்கள். ஊருக்குப் போயிருந்த நேரம் மாமியார் வந்து அடுப்படி டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றி வைத்த கதைதான். நாங்கள் எழுதியதைத் திரட்டி, சோதித்து, செயலியாகக் கட்டித் தருகிற பில்ட் ஸ்கிரிப்டுகளோ பழைய இடத்திலேயே உப்பைத் தேடிக்கொண்டிருந்தன. வெள்ளி மாலைக்குள் புதுச் செயலி வெளியே போகாவிட்டால் ஞாயிறு எல்லோரும் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார் மேலாளர் அம்மா. திங்கள் காலை வேன்கள் ஓடுமே, அவரைக் குறை சொல்ல முடியாது.

வியாழன் வரை ஒவ்வொரு ஸ்கிரிப்டாகத் திருத்தினோம். வெள்ளி வந்தது. எங்கள் ஆபீஸ் வாழ்க்கையில் வேலை நாளாக வந்த முதல் வெள்ளி! மலாய் நண்பர்கள் தொழுகைக்குக் கிளம்பினார்கள். நானும் பக்கத்து மேசை பாலோ ஊர்க்காரனும் பில்டைத் தட்டிவிட்டோம். வழக்கமாக ஒரு கிளாஸ் தே தாரிக் டீ குடித்து முடிக்கிற நேரம் ஆகும். இது கண் சிமிட்டுவதற்குள் முடிந்து பச்சை விளக்கு காட்டியது.

"அலமாக்! புது சிஸ்டம் என்னா ஸ்பீடு லா!" என்று அவன் கத்தினான். நான் கை தட்டினேன். மனைவிக்கு 'பொந்தியான் உறுதி' என்று செய்தியும் அனுப்பிவிட்டேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நாங்கள் ஆனைகூட இல்லை.

அவன் செயலியைத் தன் கைப்பேசியில் ஏற்றிப் பார்த்தான். முகம் தொங்கிப்போனது. "டேய், இது பழசுடா. ஒண்ணுமே மாறல."

பில்ட் விட்டுவைத்த குறிப்பை மேலிருந்து படித்தோம். முதல் வரியிலேயே இருந்தது பதில்: 'இன்று விடுமுறை. பில்ட் இல்லை.'

லீவு நாளில் எதுவும் வெளியிடக்கூடாது என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். உடைந்தால் பார்க்க ஆள் இருக்காதே. ஸ்கிரிப்டே கிழமையைப் பார்த்து நின்றுவிடும். திருத்தும்போது எங்கள் கண்ணுக்குத் தப்பிய ஒரு வரியில், லீவு எது என்பதைப் பழைய பெயரில் தேடியிருக்கிறது, கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் இதை வைத்துக்கொள் என்று எப்போதோ உள்ளே எழுதிவைத்ததை எடுத்துக்கொண்டது: வெள்ளி, சனி. மாநிலமே மாறிவிட்டது, எங்கள் ஸ்கிரிப்ட் மட்டும் சமர்த்தாக வீட்டில் படுத்துக்கொண்டது! வேறெந்த ஊர்க்காரனுக்கு இப்படி ஒரு தப்பு வரும்? அந்தப் பதற்றத்திலும் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பிறகு உட்கார்ந்து எழுதினேன். முதலில் புதுப் பெயரில் கேள், இல்லையென்றால் பழைய பெயரில் கேள், இரண்டுமே இல்லையென்றால் நீயாக எதையும் நினைத்துக்கொள்ளாதே, சத்தம் போட்டு நில். மற்ற ஸ்கிரிப்டுகளிலும் அதையே வைத்தோம். திரும்பத் தட்டினோம். இந்த முறை அது முக்கி முனகி, ஒவ்வொரு சோதனையாகத் தாண்டி, உண்மையான பச்சைக்கு வந்தது. அப்போது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! தொழுகை முடிந்து வந்தவர்கள், நாங்கள் மேசையைத் தட்டித் தாளம் போடுவதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

ஞாயிறு காலை. இருட்டிலேயே எழுந்தேன். குளித்தேன். ஆபீஸ் சட்டையை மாட்டி, சத்தமில்லாமல் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, எங்க கிளம்பிட்டீங்க? இன்னிக்கி ஞாயித்துக்கிழமை லா!"

கட்டிலில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

"சத்தமே போடலையே, எப்படி முழிச்ச?" என்றேன்.

"எல்லா ஞாயிறும் முழிச்சுத்தான் கிடப்பேன். எழுந்தா உங்கள போக விடமாட்டேன்னு கண்ண மூடிக்குவேன்" என்றாள்.

அந்த ஆபீஸ் சட்டையோடேயே பொந்தியானுக்குப் போனேன்.