ஓடை ஏற்றமும் பெரிய டயரும்

என் மகள் இறந்த அடுத்த மாதம் என் கணவர் வண்டிக்குப் பெரிய டயர் போடக் கிளம்பினார். சொந்தபந்தத்தில் யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்பிள்ளை மனசை எதிலாவது திருப்ப வேண்டாமா என்றார்கள். என் மனசை எதில் திருப்புவது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நான் அவர்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன்.

எழுபதுகள் முடிகிற சமயம் அது. எங்களுக்கு வீடு போடியில், ஏலத்தோட்டம் மலையில். போடிமெட்டைத் தாண்டியதும் தார் ரோட்டிலிருந்து ஒரு மண்பாதை பிரிந்து கீழே இறங்கும். அடியில் ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் எங்கள் தோட்டம். போவது சுலபம், வருவதுதான் பாடு. ஓடையிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறுகிற அந்த ஒரு ஏற்றம் எங்கள் குடும்பத்தின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. மழை பிடித்துவிட்டால் அந்தச் செம்மண்ணில் மனுஷனே நான்கு காலில் நடக்க வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு பழைய பிக்கப். நான் சிலமலையிலிருந்து வாக்கப்பட்டு வரும்போதே அதற்கு வயசாகிவிட்டிருந்தது. முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம், பின்னால் மூட்டை ஏற்றலாம், அவ்வளவுதான் வண்டி.

பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர், மிலிட்டரியில் கழித்துவிட்ட பெரிய டயர்களை மதுரையில் பிடித்துக் கொண்டுவந்து தன் ஜீப்புக்கு மாட்டியிருந்தார். ஆழ ஆழமாகக் கட்டை வைத்த டயர்கள். என் கணவரையும் மாட்டச் சொல்லிப் பலமுறை சொன்னார். ஓடுகிற வண்டியை எதற்கு நோண்ட வேண்டும் என்று இவர் சிரித்து மழுப்பிவிட்டார். அன்றைக்கு அது ஒரு பெரிய பேச்சாகவே இல்லை.

மறு வருஷம் ஆடிச் சாரலில் பிள்ளைக்குத் தோட்டத்தில் வைத்துக் காய்ச்சல் கண்டது. அங்கே வேலை செய்கிறவர்கள் காய்ச்சலை மலையாளத்தில் பனி என்பார்கள். பனிதான், சுக்குக் கஷாயத்தில் விட்டுவிடும் என்றார்கள். காலையில் கண் செருகியது. வண்டியில் முதல்நாளே ஏற்றிவைத்த ஏலக்காய் மூட்டைகள் கிடந்தன. இறக்கப் பொறுமையில்லாமல் அப்படியே கிளம்பினோம். ஓடையைத் தாண்டி ஏற்றத்தில் பாதி ஏறியதும் வண்டி நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தது. தோட்டத்து ஆட்கள் ஓடிவந்து தள்ளினார்கள். மூட்டையை இறக்கினார்கள், கல்லைப் போட்டார்கள், தழையை வெட்டிப் போட்டார்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார்.

"இன்னும் ஒரு தள்ளு. ஏறிரும்" என்றார் என் கணவர்.

அதையே அவர் எத்தனை தடவை சொன்னார் என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் நான் நம்பினேன். ஒவ்வொரு தடவையும் வண்டி ஒரு முழம் ஏறி ஒரு முழம் வழுக்கியது. மடியில் பிள்ளை. என் கால்கள் மரத்துப்போயிருந்தன. அவள் உடம்புச் சூடு மெதுவாக இறங்கியதை உணர்ந்தேன். காய்ச்சல் விடுகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

சின்னப் பிள்ளை என்பதால் பெரிய சடங்கு எதுவும் கிடையாது. புதைத்துவிட்டு வந்தார்கள், பால் ஊற்றினார்கள், முடிந்தது. துக்கம் கேட்க வந்த பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, நான் அழுகிறேனா என்று ஓரக்கண்ணால் பார்த்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. நன்றாகப் பசித்தது, சாப்பிட்டேன். படுத்தால் தூங்கினேன். அவள் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்தேன். ஊசி போடும் முன் பஞ்சால் துடைத்த இடம் போல உடம்பு முழுக்க ஜில்லென்று இருந்தது, குத்து மட்டும் விழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று ஓர் அத்தை என் காதுபடவே சொன்னாள். அவளுக்கு இன்னொரு காப்பி கொடுத்தேன்.

இவர் பட்டறையே கதியென்று கிடந்தார். போடியில் பஸ்சு நிலையத்துக்குப் பின்னாலிருந்த பட்டறை அது. மெக்கானிக்குக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரே நாள் வேலை, டயரை மாட்டி அனுப்பிவிடுகிறேன் என்று ஆரம்பித்தார். டயரை மாட்டி ஸ்டியரிங்கை ஒடித்ததும் டயர் மட்கார்டில் உரசி வண்டி திரும்ப மறுத்தது. மட்கார்டை வெட்டினார். பள்ளத்தில் விட்டதும் டயர் மேலே போய் முட்டியது. ஸ்பிரிங்கில் கூடுதலாகப் பட்டைகள் வைத்து வண்டியைத் தூக்கினார். தூக்கியதும் பிரேக் போதவில்லை. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று என்று வேலை அனுமார் வாலாக நீண்டது. ஒருநாள் வேலை மாதக்கணக்கில் போனது. அந்த மெக்கானிக் வெட்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

ஒருநாள் இவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். மெக்கானிக்கிடம் இவர் கேட்டுக்கொண்டிருந்தார், மழையிலும் ஏறுமா என்று. ஏறும் என்றார் அவர். பாரத்தோடு ஏறுமா? ஏறும். நல்ல சகதியில் நின்று கிளம்பினாலும் ஏறுமா? மெக்கானிக்குக்குக் கோபம் வந்துவிட்டது.

"அண்ணே, என் சோலி மேல நம்பிக்கை இல்லைன்னா வேற ஆளப் பாருங்க. இது ஏறாத ஏத்தம் இந்த மலையிலயே கெடையாது."

இவர் அந்த டயரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது எனக்கு ஒன்று புரிந்தது. இவருக்கு அந்த ஏற்றத்தை ஜெயிக்க வேண்டும். அது தெரிந்த நிமிஷமே எனக்கு என்ன வேண்டும் என்பதும் தெரிந்தது. அந்த வண்டி ஏறக்கூடாது. ஏறிவிட்டால், போன வருஷமே இந்த டயரை மாட்டியிருந்தால் பிள்ளை பிழைத்திருப்பாள் என்று ஆகிவிடும். யார் என்ன செய்தாலும் ஏறமுடியாத ஏற்றமாக அது இருக்க வேண்டும். இத்தனை பெரிய டயர்களும் அதே சகதியில் அதே இடத்தில் புதைய வேண்டும். கோவிலுக்குப் போனால் இதைத்தான் வேண்டிக்கொண்டேன். பூசாரி என்னைப் பரிதாபமாகப் பார்த்து விபூதி கொடுத்தார்.

வண்டி பட்டறையிலிருந்து வெளியே வந்தபோது தெருவே வேடிக்கை பார்த்தது. உடம்பு அதே பழைய தகரம், கால் மட்டும் பூதம். "சின்னப் புள்ள அவுக அப்பன் செருப்ப மாட்டுன மாதிரி இருக்கு மாப்ளே" என்று எதிர்வீட்டுக்காரர் கேலி செய்துவிட்டு, வாசலில் நிற்கும் என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் சிரித்தேன். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. சேலையோடு என்னால் அதில் ஏற முடியவில்லை. மறுநாள் என் பக்கத்துக் கதவுக்குக் கீழே ஒரு படி பற்றவைத்துக் கொண்டுவந்தார். நான் கேட்கவில்லை. அந்த மாதங்களில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் உப்பு, புளி, கூலி, தண்ணீர் இவைதான்.

அதற்குப் பிறகும் அவர் வண்டியை மலைக்குக் கொண்டுபோகவில்லை. கோடையில் எல்லோரும் கேட்டார்கள், பெரிய டயர் என்ன சொல்லுகிறது என்று. மழை வரட்டும் என்பார். தோட்டத்துக்குப் போக வேண்டியிருந்தால் அடுத்தவர் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போய்வந்தார். வாங்கி வைத்துக்கொண்டு பூஜை போடுகிறான் என்று சிரித்தார்கள்.

ஆடி வந்தது. சாரல் விடாமல் அடித்த ஒரு வாரத்தில் ஒருநாள் காலை, "நீயும் வா" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. மலையேறி, மண்பாதையில் இறங்கி, தோட்டத்தில் போய் நின்றோம். ஆட்களைக் கூப்பிட்டு ஏலக்காய் மூட்டைகளை ஏற்றச் சொன்னார். எத்தனை என்று கேட்டவனிடம், "போன வருசம் ஏத்துன மாதிரியே ஏத்து" என்றார். அவன் என் முகத்தைப் பார்க்காமல் ஏற்றினான். நான் படியில் கால்வைத்து ஏறி முன்னால் உட்கார்ந்தேன். அன்றைக்கு இருந்ததெல்லாம் இருந்தது. மடியில்தான் ஒன்றும் இல்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஓடையில் தண்ணீர் போன வருஷத்தைவிட அதிகமாகவே போனது. அதைத் தாண்டியதும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒரு வருஷத்தில் எனக்கு உறைத்த முதல் விஷயம் அதுதான். நில்லு, நில்லு என்று வண்டியிடம் மனசுக்குள் கெஞ்சினேன். நாங்கள் நின்ற இடம் வந்தது. அன்று போட்ட கற்கள் இன்னும் மண்ணில் பாதி புதைந்து கிடந்தன. டயர் ஒரு தடவை வழுக்கியது. பிறகு பிடித்துக்கொண்டது. இவர் கியரைக்கூட மாற்றவில்லை. ஒரு வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரத்தில் வண்டி தார் ரோட்டில் போய் நின்றது. யாரும் தள்ளவில்லை.

அவர் என்ஜினை அணைக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு முகம் காட்டாமல் பேசினார்.

"ஏறாதுன்னு நெனச்சேன். இம்புட்டுப் பெரிய டயரு போட்டாலும் இதுல ஏறாதுன்னு பாத்துட்டா, நிம்மதியா இருக்கலாம்னு நெனச்சேன்."

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு வருஷமாக ஒரே வீட்டில் தனித்தனியாக ஒரே வேண்டுதலைச் சுமந்திருக்கிறோம். இப்போதாவது இரண்டு பேரில் ஒருவர் அழுவோம் என்று தோன்றியது. அழுகை வரவில்லை. மெட்டுக்குப் போகிற பஸ்சு ஒன்று பின்னால் நின்று ஹாரன் அடித்தது. நாங்கள் வழியை மறித்து நின்றிருந்தோம். அவர் கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினார். வளைவுகளில் இறங்கி மத்தியானத்துக்குள் போடி வந்து சேர்ந்து, மூட்டைகளை இறக்கி, சோறு வடித்துச் சாப்பிட்டோம்.

அந்த வண்டியை இன்னும் பல வருஷம் வைத்திருந்தோம். எந்த மழையிலும் அந்த ஏற்றத்தில் அது ஒருதடவைகூட நின்றதில்லை.