ஓசூரா, நெல்லையா?

முனிலட்சுமிக்குச் சமையலறையில் கண் தேவையில்லை. அடுப்புக்கு வலப்பக்கம் உப்பு, அதற்கடுத்து மிளகாய்த்தூள், அப்புறம் புளி. கை தானாகப் போகும், எடுக்கும், வரும். கல்யாணமான புதிதில், தொரப்பள்ளியில் மாமியார் நஞ்சம்மாவின் அலமாரியிலும் இதே வரிசையில் டப்பாக்களை அடுக்கிவிட்டு வந்தாள். அடுத்த பண்டிகைக்குப் போனபோது எல்லாம் பழைய இடத்தில் இருந்தன. மாற்றினாள். மறுபடி மாறின. அதைப் பற்றி இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஓசூர் சிப்காட்டில் பிரேக் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில், ஸ்டோர்ஸ் ஆபீஸ் டைப்பிஸ்ட் அவள். தொண்ணூற்றிரண்டில் அவளுடைய டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு போய், இரண்டு மிஷின்களை வைத்தார்கள். ஒன்று கடிதம் அடிக்கிற கம்ப்யூட்டர், வேர்ட்ஸ்டார் போட்டது. மற்றது பச்சை எழுத்து டெர்மினல். அதற்குத் திரையும் விசைப்பலகையும்தான் இங்கே. மூளை கண்ணாடி அறைக்குள் ஏ.சி.யில் இருந்தது. சரக்கு வரவும் செலவும் டெர்மினலில் ஏறும். பகல் இரண்டு மணி வரை அதில் முதல் ஷிப்ட் சுடலைமுத்து உட்காருவார். அதன் பிறகு அவள்.

தொல்லை விரலில் ஆரம்பித்தது. வேர்ட்ஸ்டாரில் கண்ட்ரோலோடு டி எழுத்தை அழுத்தினால் ஓர் எழுத்து வலப்பக்கம் நகரலாம், எஸ் அழுத்தினால் இடப்பக்கம். காலையெல்லாம் அப்படிப் பழகிய விரல் மத்தியானம் டெர்மினலிலும் அதையேதான் செய்யும். அங்கே எஸ் அழுத்தினால் திரை கல்லாகிவிடும். டி அழுத்தினால் அடித்தது அத்தனையும் போய், ஆளையே வெளியே தள்ளிவிடும்.

முனிலட்சுமி கம்பெனி பஸ் டிரைவரிடம் கன்னடம் பேசுவாள், பக்கத்து சீட் சம்பங்கியிடம் தெலுங்கு, ஆபீஸில் தமிழ். ஆளுக்கு ஆள் நாக்கை மாற்றுவதில் அவளுக்குச் சிரமமே கிடையாது.

“மனுசனுக்கு மாத்தலாம். மிஷினுக்குமா மாத்திக்கினு இருக்கறது?” என்றாள், கல்லாகிப்போன திரையை உயிர்ப்பிக்க வந்த ரத்தினவேலிடம். கண்ணாடி அறைக்குப் பொறுப்பான சேலத்துப் பையன் அவன். ஒரே ஒரு விசையைத் தட்டிவிட்டு, ஒரு சிரிப்பையும் விட்டுவிட்டுப் போவது அவன் வழக்கம்.

மேனேஜர் குருசித்தப்பா சிரிக்கவில்லை. “இந்த மாசக் கடைசி கணக்கும், லெட்டரும், ரெண்டும் அஞ்சரை பஸ்ஸுக்கு முன்னாடி முடியணும். இல்லன்னா செகண்ட் ஷிப்டுக்கு வந்துடும்மா, நிதானமா அடிக்கலாம்.”

செகண்ட் ஷிப்ட் விட்டு வீடு சேர நடுராத்திரி ஆகும். வீட்டில் இரண்டு பிள்ளைகள். புருஷன் மாரிசாமிக்கும் வேறொரு கம்பெனியில் மாறி மாறி ஷிப்ட். அதற்கு வேலையை விடு என்று நேராகவே சொல்லியிருக்கலாம்.

மறுநாள் அவள் டிபன் டப்பாவில் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் கண்ணாடி அறைக்குப் போயின. இரண்டாவது உருண்டை உள்ளே இறங்கும்போது ரத்தினவேல் வாயைத் திறந்தான். டெர்மினலுக்குள் நுழையும்போது மிஷின் ஒரு சின்னக் கோப்பைப் படிக்கும். எந்த விசை என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இருக்கிறது. மாற்றினால் மாறும்.

“அப்ப வேர்ட்ஸ்டார்ல எப்டியோ அப்டியே இதுலயும் போடு. டி வலப்பக்கம், எஸ் இடப்பக்கம். வெளிய போறதுக்கும் அதே கே, க்யூ.”

“போட்டுடலாங்க்கா. கொஞ்சம் கொழம்பு ஊத்துங்க.”

பக்கத்தில் உட்கார்ந்து அவளும் கற்றுக்கொண்டாள். அன்றைக்கு மத்தியானம் விரல்கள் தம் வீட்டுச் சமையலறையில் நடப்பதுபோல டெர்மினலில் நடந்தன. இருவரும் மறந்தது ஒன்றுதான். பாஸ்வேர்டை ஆளுக்கொன்று ஞாபகம் வைக்க யாருக்கும் மனசில்லாததால், ஸ்டோர்ஸ் முழுவதும் ஒரே பெயரில்தான் உள்ளே நுழையும். கோப்பும் ஒன்றே ஒன்றுதான்.

சுடலைமுத்து திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். டெர்மினலை மூட அவர் திரையைப் பார்ப்பதில்லை. கண்ட்ரோல் டி-யைத் தட்டுவதும் எழுந்திருப்பதும் அவருக்கு ஒரே அசைவு. மறுநாள் காலை அப்படித் தட்டிவிட்டு கேன்டீனுக்கு நடந்தார். எதிரே கடிதம் அடித்துக்கொண்டிருந்த முனிலட்சுமி நிமிர்ந்தாள். திரை மூடவில்லை. மிஷின் ஓர் எழுத்து வலப்பக்கம் நகர்ந்து நின்றிருந்தது.

மூடியிருக்கலாம். மூடவில்லை. எட்டிப் போய் ஆங்கில எழுத்தில் தட்டினாள்: ‘அண்ணா, கதவ சாத்தாம போய்ட்டியே. போண்டா சூடா இருந்திச்சா?’

திரும்பி வந்த சுடலைமுத்து வாயைத் துடைத்த கையோடு நின்றார். நேரே கண்ணாடி அறைக்குப் போனார். “வே ரத்தினவேலு, மிஷினு என்னய அண்ணாங்கு! போண்டா தின்னதும் அதுக்குத் தெரிஞ்சிருக்கு!”

முனிலட்சுமிக்குச் சிரிப்பில் புரையேறியது. அதில்தான் மாட்டிக்கொண்டாள்.

பேசாமலே சண்டை தொடங்கியது. அவர் காலையில் கோப்பைப் பழையபடி மாற்றுவார். அவள் இரண்டு மணிக்கு முதல் வேலையாகத் திருத்துவாள். இதில் அவளுக்கு நல்ல பழக்கம் இருந்தது. ஆனால் சுடலைமுத்து நஞ்சம்மாவைவிடக் கெட்டிக்காரர். மாசக் கடைசிக்கு முந்தின நாள் எஸ்ஸைத் தொடாமல், கே-க்யூவைத் தொடாமல், டி-யை மட்டும் மாற்றி வைத்தார். அவள் கோப்பைத் திறந்து மேல் வரியைப் பார்த்தாள், தன் வரிசை அப்படியே இருக்கிறதென்று மூடிவிட்டாள். பாதி வரவை ஏற்றியபின், வலப்பக்கம் நகர டி, டி, டி.

வெளியே தள்ளியது. பாதி வரவும் போயிற்று.

நாளைக்கும் இப்படி ஆனால் செகண்ட் ஷிப்ட்தான். முதல் ஷிப்ட் பஸ் அன்றைக்குத் தாமதம்; இன்னும் காத்துநின்ற சுடலைமுத்துவைக் கேட் பக்கத்தில் பிடித்தாள்.

“இன்னாண்ணா, என்னை ராத்திரி ஷிப்டுக்கு அனுப்பிட்டு நீ போண்டா துன்னுகினு இருக்கலாம்னு பாக்கறியா?”

“நா என்னத்தச் செய்ய தாயி? போன வருசம் மூடாமப் போனேன். எவனோ எம் ஷிப்ட்டுல நட்டையும் போல்ட்டையும் ஏத்தி எறக்கி வச்சிட்டான். மெமோ வாங்குனது யாரு? அன்னியிலருந்து எங்கையி தானா டி-யத் தட்டுது. ஒங்கையி நகருததுக்குத் தட்டுது, எங்கையி மூடுததுக்குத் தட்டுது. கோவிச்சுக்கிட்டு ஆவப்போறது என்ன?”

அவளுக்குத் திட்ட வரவில்லை. மாமியாரின் அலமாரியும், அங்கே டப்பாக்களை நகர்த்தும் இன்னொரு கையும் ஞாபகத்துக்கு வந்தன.

ரத்தினவேலிடம் போய், ஆளுக்கொரு பெயர் கொடு என்றாள். புதுப் பெயருக்கு பெங்களூரு ஹெட் ஆபீஸ் கையெழுத்து வேண்டும், வந்து சேர்வதற்குள் பொங்கல் முடிந்துவிடும் என்றான் அவன்.

“பேரு ஒண்ணே இருக்கட்டும். உள்ள வர்றப்ப யாருன்னு மிஷின் கேக்காதா? நாம புது ஆளப் பாத்தா எந்த பாஷைன்னு கேட்டுக்கினுதான பேச்சையே எடுக்கறோம்?”

ரத்தினவேல் காதைச் சொறிந்தான். “கேக்க வைக்கலாங்க்கா. நாளைக்கு என்ன கொழம்பு?”

மாசக் கடைசியன்று திரையில் ஆங்கில எழுத்தில் கேள்வி வந்தது: ‘ஓசூரா, நெல்லையா?’ ஓ தட்டினால் அவள் கோப்பு. ‘என்’ என்ற எழுத்தைத் தட்டினால் அவர் கோப்பு. காலையில் சுடலைமுத்து ‘என்’ தட்டினார், டி தட்டி மூடினார், இரண்டு மணிக்கு நாற்காலியைத் தன் தோள் துண்டால் துடைத்துக்கூடக் கொடுத்தார். அவள் ஓ தட்டினாள். முந்தின நாள் போன வரவும் சேர்ந்து ஏறியது. ஐந்தேகாலுக்குக் கடைசிச் சீட்டு முடிந்தது. கே, க்யூ.

பையை எடுக்கும்போது குருசித்தப்பா வந்து நின்றார். “முடிஞ்சதா? லெட்டரு?”

“உங்க மேஜைல இருக்குது சார்.”

“ஸ்டாக் டோட்டல் நானே பாக்கறேன்” என்று அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து உள்ளே நுழைந்தார். கேள்வி வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். கண்ணாடி அறைக்குள் ரத்தினவேல் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஏம்மா, நான் மைசூரு. நான் எதை ஒத்தறது?”

வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

“இன்னிக்கி மட்டும் ஓசூர்னு ஒத்துங்க சார். நாளைக்கி மைசூர் போட்டுடறேன்.”

அவர் ஓ தட்டினார். டோட்டல் வந்தது. விரலை வைத்து ஒரு வரியைப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார். “சரி, பஸ்ஸுக்கு ஓடு” என்றார்.

அவள் ஓடினாள். பாதி வழியில்தான் சொல்ல மறந்தது ஞாபகம் வந்தது: வெளியே வர அவர் என்ன தட்டுவார்? டி-யைத் தட்டித் தட்டி வலப்பக்கமாகவே போய்க்கொண்டிருப்பார். திரும்பிச் சொல்லிவிட்டு வரலாமா என்று ஒரு கணம் நின்றாள்.

டிரைவர் கன்னடத்தில் கத்தினார். அவளும் கன்னடத்திலேயே பதில் கத்திவிட்டு ஏறிக்கொண்டாள்.