நான்கு நிமிடம் ஊற வேண்டும்

விவாகரத்தில் மெர்வி அண்ணிக்குக் காரும் நாயும் காபி மெஷினும் போயின. என் அண்ணன் டார்மோவுக்கு மூன்று அறை வீடும், சமையலறை மேடையில் மெஷின் நின்றிருந்த இடத்தில் ஒரு சதுரக் கறையும் மிஞ்சின. கார் இல்லாதவன் பஸ்ஸில் போகலாம். நாய் இல்லாதவன் தனியாக நடக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். காபி மெஷின் இல்லாதவன் தம்பெரே நகரத்தில் என்ன செய்வான்? இன்னொரு மெஷின் வாங்குவான் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு என் அண்ணனைத் தெரியாது.

அவனுக்குத் தொழில், கட்டடம் கட்டடமாகப் போய்த் தீயணைப்பு சிலிண்டர்களைச் சோதித்துச் சீட்டு ஒட்டுவது. சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, அடுத்த சோதனை எப்போது என்று தேதியோடு. சரியில்லை என்றால் சிவப்பு: 'பயன்பாட்டிலிருந்து நீக்கவும்'. இருபத்திரண்டு வருடமாக இதையே செய்கிறவன் ஒரு பொருளைச் சும்மா வாங்கிச் சும்மா பயன்படுத்துவானா? மெஷின் கைவிட்டுப்போன அதே வாரம் ஒரு காபி டிரிப்பர் வாங்கினான். மற்றவர்கள் வைத்திருப்பது போல மேலே ஊற்றக் கீழே ஒழுகும் வகை இல்லை. பொடியும் வெந்நீரும் நான்கு நிமிடம் ஒன்றாக ஊறி, அடைப்பைத் திறந்த பிறகுதான் காகிதம் வழியே வடியும் வகை. ஒன்று வாங்கினால் எதோடு ஒப்பிடுவது? அதனால் இரண்டாவது வந்தது. இரண்டும் சமமாக நின்றால் யார் தீர்ப்பு சொல்வது? அதனால் மூன்றாவது.

நான் வெளிநாடுகளில் சுற்றிவிட்டு மார்ச் மாதம் அவன் சோபாவில் வந்து விழுந்தபோது, மூன்றும் மேடையில் வரிசையாக நின்றன. பிளாஸ்டிக் ஒன்று: கோப்பைமேல் வைத்தால் அடியில் வால்வு தானாகத் திறக்கும், பார்ப்பதற்கு ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரி, ஆனால் சூட்டை விடாது. கண்ணாடி ஒன்று: சின்ன நெம்புகோலைத் தட்டினால் உள்ளே இரும்புக் குண்டு எழும்பி வழிவிடும், கொள்ளை அழகு, சூட்டை மட்டும் ஊருக்கெல்லாம் தானம் செய்துவிடும். பீங்கான் ஒன்று: அடியைத் திருக வேண்டும், முதலில் வெந்நீரில் அபிஷேகம் செய்யாவிட்டால் காபியின் சூட்டை அதுவே குடித்துவிடும்.

ஒவ்வொன்றிலும் ஒரு நேரத்தில் ஒரு கோப்பைதான் வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் அண்ணன் வைத்துக்கொள்ளவில்லை.

அவனிடம் ஒரு நோட்டு இருந்தது. பொடியின் எடை, தண்ணீரின் சூடு, வடிய எடுத்த விநாடிகள். முதலில் பொடியைப் போடுவதா, தண்ணீரை ஊற்றுவதா என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஓடின. தண்ணீர் முதலில் என்றால் காகிதம் அடைத்துக்கொள்ளாமல் நாற்பது விநாடி சீக்கிரம் வடிகிறது என்று அவன் கண்டுபிடித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. எனக்குப் போன் செய்து சொன்னான். நான் பக்கத்து அறையில் இருந்தேன்.

ஆராய்ச்சி இதுவரை யாருக்கும் தொல்லையில்லாமல்தான் நடந்தது. ஏப்ரலில் மெர்வி அண்ணியின் வீட்டு வரிசை முழுவதும் தண்ணீர்க் குழாய் மாற்றும் வேலை தொடங்கியது. அண்ணி தன் அக்கா வீட்டுக்குப் போனாள், மெஷினையும் நாயையும் தூக்கிக்கொண்டு. ஜூன் முதல் சனிக்கிழமை, இருவரின் மகள் ஹில்லா பள்ளி முடித்து வெள்ளைத் தொப்பி போடுகிற நாள். விருந்து எங்கே வைப்பது? கழிப்பறை இல்லாத வீட்டில் இருபத்தாறு பேரைக் கூப்பிட முடியாது.

ஹில்லா வந்து, ஷூவைக் கழற்றிவிட்டு, வாசலிலேயே நின்று சொன்னாள்: "அப்பா, இங்கயே வச்சுக்கலாம். கேக்கெல்லாம் நான் பாத்துக்கறேன். ரெண்டு மணிக்கு எல்லார் கையிலயும் காபி இருக்கணும், அவ்ளோதான்."

"காபி," என்றான் டார்மோ, நோட்டைத் திறந்து எழுதி அடிக்கோடு போட்டபடி. ரெண்டு மணியை எழுதவில்லை.

"அண்ணா," என்றேன் அவள் போனதும், "கீழ பொது அறையில முப்பது கப் பாய்லர் இருக்குல்ல? அத எடுத்துக்கலாமே."

"போன வருஷம் யாரோ அதுல சூப் வச்சாங்க, ரீக்கா. இன்னும் வெங்காய வாசனை."

"யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்ல." தராசில் பதினைந்து கிராம் பொடியை நிறுத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னான்: "நாலு வருஷமா எம்பொண்ணு பொறந்த நாளுக்கு நான் விருந்தாளியா போறேன். நாற்காலி நுனியில உக்காந்து, மெர்வி ஊத்தறத குடிச்சிட்டு, கோட்ட மாட்டிட்டு வர்றேன். இந்த ஒரு தடவ எங்கையால ஊத்தணும். அது நல்லா இருக்கணும்."

அவன் அந்த வருடம் முழுவதற்குமாகப் பேச வேண்டியதை அத்துடன் பேசி முடித்துவிட்டான் என்று நினைக்கிறேன். நானும் பாய்லர் பேச்சை விட்டேன். அது என் தப்பு.

மூன்றில் எது என்று முடிவு செய்ய ஒரு நாக்கு தேவைப்பட்டது. என் நாக்கு செல்லாது என்று முதல் நாளே தள்ளிவிட்டான். நான் ஒரு வாய் குடித்துவிட்டு, "எலுமிச்சத் தோல் மாதிரி ஒரு வாசன வருது" என்று சொல்லிவிட்டேன். இவ்வளவு வார்த்தை பேசுகிறவளை எப்படி நம்புவது? ஆகவே கீழ்வீட்டு ரெய்னோவைக் கூப்பிட்டான். காகித ஆலையில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர், ஒரு நாளைக்கு எட்டுக் கோப்பை. மூன்று கோப்பையையும் முன்னால் வைத்தோம். மூன்றையும் குடித்தார். ஜன்னல் வழியே வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?" என்றான் டார்மோ, பேனாவோடு.

"குடிக்கலாம்."

"எது?"

"எல்லாம்."

"பத்துக்கு எவ்வளவு போடுவீங்க?"

"அதான் குடிக்கலாம்னு சொன்னேனே."

எங்கள் ஊரில் இதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது. கல்யாணச் சாப்பாட்டுக்கும் 'சாப்பிடலாம்'தான். ஆனால் ஒரு அளவுகோல் உண்டு: இரண்டாவது கோப்பை. பிடிக்காதவன் இரண்டாவது கோப்பை எடுக்க மாட்டான். இது நினைவுக்கு வந்ததும் டார்மோவின் முகம் மலர்ந்தது. மறு ஞாயிறு, ஒவ்வொரு டிரிப்பருக்கும் இரண்டாவது கோப்பை கேட்கும் சோதனை.

"இன்னொரு கப், ரெய்னோ?"

"வேணாம் வேணாம்."

"கொஞ்சமா?"

"வேணாம்ப்பா."

"பாதி கப்பு?"

"சரி, நீ இவ்ளோ சொல்ற."

மூன்று தடவை கேட்காமல் எடுப்பது மரியாதையில்லை. மூன்றாவது தடவை மறுப்பதும் மரியாதையில்லை. ரெய்னோ மரியாதைக்காரர். பிளாஸ்டிக்குக்கும் இதே, கண்ணாடிக்கும் இதே, பீங்கானுக்கும் இதே. வயிற்றில் ஆறு கோப்பையோடு வீட்டுக்குப் போனவர் அன்றைக்கு மதியம் தன் பால்கனிக் கம்பிகள் முழுவதற்கும் பெயின்ட் அடித்தார். டார்மோ மூன்று டிரிப்பரிலும் பச்சைச் சீட்டு ஒட்டினான்.

"மூணையும் ஒரே நேரத்துல ஓட்டப்போறேன்," என்றான் என்னிடம். "ஒரு சுத்துக்கு ஆறு நிமிஷம், மூணு கப். ஒம்பது சுத்து. அம்பத்தி நாலு நிமிஷம்."

"எல்லாரும் ஒண்ணா வந்தா?"

"அழைப்புல ரெண்டுலேந்து நாலு வரைக்கும்னு போட்டிருக்கு. நான் தனித்தனியா போன் பண்ணி நேரம் சொல்லிட்டேன். மெர்வியோட அக்கா ரெண்டு பன்னெண்டு. ரெய்னோ ரெண்டு முப்பது."

காகிதத்தில் அப்பழுக்கில்லாத திட்டம். எங்கள் மக்களைப் பற்றி மட்டும் அதில் எதுவும் இல்லை. அழைப்பில் இரண்டு மணி என்று இருக்கும்போது இரண்டரைக்குப் போனால், தாமதமாக வந்ததாக மற்றவர்கள் நினைப்பார்களே? இருபத்தாறு பேரும் தனித்தனியாக இதையே யோசித்திருக்கிறார்கள். ஒன்று ஐம்பதுக்கு ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். வண்டி நிறுத்துமிடம் நிறைந்திருந்தது. எல்லா வண்டியிலும் ஆட்கள், மடியில் ரோஜாப்பூ, நேராகப் பார்த்தபடி. சீக்கிரம் வருவதும் தப்பாயிற்றே. இரண்டு அடித்ததும் எல்லாக் கதவும் ஒரே சத்தத்தில் திறந்தன.

ஐந்து நிமிடத்தில் வாசலில் ஷூ மலை. பூ கொடுத்தார்கள், கை குலுக்கினார்கள், கோப்பையைக் கையில் எடுத்து, சமையலறை வாசலிலிருந்து கூடம் வரை வரிசையில் நின்றார்கள். யாரும் பேசவில்லை. சாண்ட்விச் கேக் மேஜைமேல் தொடப்படாமல் இருந்தது. காபி இல்லாமல் அதில் கத்தி வைக்க எங்களில் யாருக்கும் துணிவு வராது. உள்ளே டார்மோ மூன்று கடிகாரங்களோடு நின்றான். முதல் சுற்றில் மூன்று கோப்பை. இரண்டாவது சுற்றில் பிளாஸ்டிக்கின் வால்வில் ஒரு துகள் சிக்கி, அடைப்பே நிற்காமல் மேடையெல்லாம் ஒழுகியது. மீதி இரண்டு. நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன்: கடைசி ஆளுக்கு மூன்றே காலுக்கு முதல் கோப்பை.

கீழே பொது அறைக்கு ஓடினேன். கதவில் பென்சிலால் எழுதிய பட்டியல்: பி வாசல் வீட்டுக்காரர்கள், பிப்ரவரியிலேயே பதிவு. உள்ளே வேறொரு வெள்ளைத் தொப்பி, வேறொரு கூட்டம், எங்கள் வெங்காய பாய்லர். எல்லார் கையிலும் காபி. மூச்சு வாங்க மேலே வந்தேன்.

ஹில்லா சமையலறைக்குள் நுழைந்தாள். தொப்பிக்குக் கீழே காது இரண்டும் சிவந்திருந்தன. "அப்பா, பெரியம்மா காலிக் கப்ப உறிஞ்சிட்டிருக்காங்க. எனக்காக."

"இன்னும் ஒரு நிமிஷம் நாப்பது செகண்டுதான், கண்ணு. கண்ணாடியில ஊறிட்டிருக்கு."

"ரெண்டு பேரு கோட்டத் தேடறாங்கப்பா." தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டாள். "அம்மா வீட்ல வச்சிருக்கலாம். கக்கூஸ் இல்லாட்டியும் பரவால்ல."

டார்மோவின் கை நெம்புகோலின்மேலேயே நின்றது. வாசலில் சாய்ந்து நின்ற மெர்வி அண்ணி, ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்: "கார்ல ரெண்டு தெர்மாஸ் இருக்கு. பெருசு."

"எதுக்கு?" என்றான்.

"நாய்க்கு." பிறகு: "பதினேழு வருஷம் உங்கூட குடும்பம் நடத்தியிருக்கேன் டார்மோ. எதுக்குன்னா என்ன அர்த்தம்?"

"மெஷின் காபி."

"ஆமா. மெஷின் காபி. வேணாம்னா கார்லயே இருக்கட்டும். நான் எடுத்துட்டு வரமாட்டேன். இது உன் விருந்து."

கடிகாரத்தில் இன்னும் ஒரு நிமிடம் இருபது விநாடி. என் அண்ணன் ஊறுகிற காபியை நடுவில் விட்டுவிட்டுப் போய் நான் பார்த்ததில்லை. வீட்டில் தீப்பிடித்தால்கூட நான்கு நிமிடம் முடிந்த பிறகுதான் சிலிண்டரை எடுப்பான் என்று நினைத்திருந்தேன். அவன் அண்ணியின் கையிலிருந்து சாவியை வாங்கினான். வரிசையை இடித்துக்கொண்டு, வெறும் சாக்ஸோடு மூன்று மாடி இறங்கினான். திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் மூன்று லிட்டர் தெர்மாஸ், சாக்ஸ் கறுப்பு.

மேஜைமேல் வைத்தான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாக்கெட்டில் கைவிட்டு இரண்டு பச்சைச் சீட்டை எடுத்து, தேதி எழுதி, தெர்மாஸுக்கு ஒன்றாக ஒட்டினான். பிறகு தெர்மாஸின் தலையை அமுக்கி முதல் கோப்பையைப் பெரியம்மாவுக்கும், இரண்டாவதை அடுத்தவருக்கும், கடைசிக் கோப்பை வரை தன் கையாலேயே ஊற்றினான். ஏழு நிமிடம். கேக்கில் கத்தி இறங்கியது. யாரோ சிரித்தார்கள். பேச்சு தொடங்கியது.

ரெய்னோ இரண்டாவது கோப்பைக்கு வந்தார். யாரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, தானாகவே வந்தார்.

"டார்மோ. இது நல்லா இருக்கு."

கூடமே திரும்பிப் பார்த்தது. இப்படி ஒரு சொல்லை அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டதில்லை. "கடைசியில கண்டுபுடிச்சிட்ட. எதுல போட்டது? அந்தக் கண்ணாடியா?"

டார்மோ அடுக்களையைப் பார்த்தான். கண்ணாடிக்குள் அந்தக் காபி இன்னமும் ஊறிக்கொண்டிருந்தது, ஆறிப்போய். ஒரு தலையாட்டல் போதும், யாரும் மறுக்கப் போவதில்லை. அண்ணிகூட வாயைத் திறந்திருக்க மாட்டாள்.

"மெர்வி போட்டது," என்றான். "மெஷின்ல. நான் ஊத்தினேன்."

ரெய்னோ யோசித்தார். "ஊத்தினதும் நல்லாதான் இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கோப்பையை நீட்டினார்.

ஐந்து மணிக்குக் கடைசி ஆளும் போனபின், கழுவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் அண்ணி தெர்மாஸைத் திருப்பிச் சீட்டைப் படித்தாள். "அடுத்த சோதன ரெண்டு வருஷம் கழிச்சா?"

"விதி அது," என்றான் டார்மோ.

"கிறிஸ்மஸுக்கே சோதிச்சுக்கலாம்," என்றாள் ஹில்லா, கேக்கின் கடைசித் துண்டைத் தட்டில் வைத்துத் தின்றுகொண்டு. "கிறிஸ்மஸும் இங்கதான். குழாய் சரியாயிட்டாலும் இங்கதான். அம்மா தெர்மாஸோட வரட்டும், நீங்க ஊத்துங்கப்பா."

அண்ணி தெர்மாஸை மூடினாள். மறுக்கவில்லை. டார்மோ ஈரத் துணியால் மேடையைத் துடைத்தான், அந்தச் சதுரக் கறை இருந்த இடத்தை இரண்டு தடவை. அவன் கண் கலங்குகிறதோ என்று எனக்கே பயம் வந்தது. நல்லவேளை, வாயைத் திறந்தான்.

"கிறிஸ்மஸுக்கு ஆறு மாசம் இருக்கு," என்றான். "இப்ப புதுசா ஒண்ணு வந்திருக்காம். அதுவும் ஊறற வகதான். ஒரே தடவையில ஆறு கப்பு…"

ஹில்லா தட்டை வைத்தாள். அவன் பாக்கெட்டிலிருந்து ஒரு சீட்டை உருவி, பின்தாளை உரித்து, சட்டையின் மார்பில் அழுத்தி ஒட்டினாள். சிவப்பு.

அந்தச் சீட்டோடேயே அவன் தெர்மாஸ் இரண்டையும் கார்வரை தூக்கிப் போனான். இந்தத் தடவை செருப்புப் போட்டுக்கொண்டு.