மாமா எடுத்து வந்த கல்

என் மாமா ஹவாய்க்குப் போய்வந்த கதையைக் கேட்காத தமிழர் அந்த நாளில் லண்டன் நோர்பரியில் இருந்திருக்க மாட்டார்கள். கேட்க விரும்பாதவர்களும் கேட்டார்கள். மாமா ஆயுள் காப்புறுதி விற்பவர். தேநீர் ஆறுவதற்குள் ஒருவருடைய சாவைப் பற்றி அவரிடமே அன்பாகப் பேசி முடித்துவிடுவார். எண்பதுகளின் கடைசியில் ஒரு வருடம், நிறைய விற்றுத் தந்தவர் என்று கொம்பனி அவரையும் மாமியையும் ஹவாய்க்கு அனுப்பி வைத்தது.

மாமா அம்மாவின் அண்ணன். ஊரில் சண்டை தொடங்கியபின் எங்களை லண்டனுக்கு எடுத்தவரும் அவர்தான். முன்னால் வந்தவர் பின்னால் இருப்பவரைக் கூப்பிடுவதற்கு எங்கள் ஆட்களிடையே ‘எடுப்பது’ என்றே பெயர். தம்பியை எடுத்தாச்சு, மருமகனை எடுக்கவேண்டும் என்று பேசிக்கொள்வார்கள். சந்தையில் கத்தரிக்காய் எடுப்பது போலத்தான் கேட்கும். அப்படி எடுத்தவர் என்பதால் மாமா சொல்லும் எதற்கும் அம்மாவிடம் ‘ஓம் அண்ணை’ என்ற ஒரே பதில்தான் இருந்தது. குளிர் உடம்புக்கு நல்லது என்று அவர் சொன்னபோதுகூட, பல் கிட்டியபடி அதைத்தான் சொன்னார்.

திரும்பி வந்த கிழமையே மாமா ஒரு ஸ்லைட் மெஷினை இரவல் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். சுவரில் படுக்கை விரிப்பைக் கட்டினோம். அம்மா ரோல்ஸ் பொரித்தார். முதற் படத்தில் மாமா கழுத்து நிறைய மாலையோடு, தேர்தலில் வென்றவர் போல நின்றார். பிறகு கடற்கரை, அருவி, அலைமேல் பலகையில் நிற்கும் பையன்கள். மரங்கள் வந்தபோது அம்மா எழுந்து விரிப்புக்குக் கிட்டப் போனார். அது செவ்வரத்தை எல்லே, இது ஈரப்பலா எல்லே என்று அவர் கேட்கக் கேட்க, தானே நட்டு வளர்த்தவை போல மாமா ஓம் ஓம் என்றார். ஹவாய் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் எங்கோ இருக்கிறது என்று நான் முடிவு செய்தேன்.

ஒரு படத்தில் மாமா பழைய கோயில் ஒன்றின் கற்சுவர் மேல் ஏறி நின்றார். படத்தின் ஓரத்தில் யாருடையதோ கை தெரிந்தது. சுற்றிக்காட்ட வந்த அந்த ஊர்ப் பெண் தனக்குக் கை காட்டினார் என்றார் மாமா. “கை காட்டேல்லை. இறங்கச் சொன்னவ,” என்றார் மாமி.

மாமி பேசுவது குறைவு; மாமாவோடு இருந்தால் இடம் கிடைக்காது. அன்றைக்குக் கொஞ்சம் பேசினார். அந்தப் பெண்ணை அங்கே எல்லோரும் ஆன்ரி என்றுதான் கூப்பிட்டார்களாம், எங்களைப் போலவே. எரிமலைக்குக் கிட்டப் போனதும் ஆன்ரி பஸ்ஸை நிறுத்தி, இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு பாடினாராம். டிக்கட்டில் அடங்கிய நிகழ்ச்சி என்று நினைத்து மாமா கை தட்டியிருக்கிறார். அந்தப் பாட்டு, உள்ளே வரலாமா என்று அந்த நிலத்திடம் அனுமதி கேட்பதாம். அந்த மலை ஒரு அம்மனுடைய உடம்பு, மண்ணோ கல்லோ ஒன்றும் எடுக்காதீர்கள் என்று ஆன்ரி சொல்லித்தான் கூட்டிப்போனாராம்.

மாமி சொல்லி முடிக்க மாமா சிரித்துக்கொண்டு கோட் பையிலிருந்து ஒரு கறுப்புக் கல்லை எடுத்து அப்பாவின் கையில் வைத்தார். உள்ளங்கையளவு இருக்கும். அப்பம் போல உடம்பெல்லாம் துளை. பேப்பர் பறக்காமல் வைக்க நல்லது என்றார்.

அம்மா அதை அப்பாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனார். எங்கள் வாடகை வீட்டில் சாமியறை கிடையாது. சுடுதண்ணீர் பொயிலர் இருந்த அலுமாரியின் மேல்தட்டில்தான் பிள்ளையாரும் முருகனும் குடியிருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் கல்லை வைத்து, சந்தனம் பூசி, குங்குமப் பொட்டும் வைத்தார். நெருப்பு அம்மனுக்குப் பொயிலர் சூடு பிடிக்கும் என்று எனக்கும் பட்டது.

ஆனால் அம்மாவுக்கு நிம்மதி இல்லை. அந்த அம்மனுடைய பெயர் வாயில் நிற்கவில்லை. என்ன படைப்பது என்றும் தெரியவில்லை. மாமிக்குப் போன் எடுத்துக் கேட்டார். மாமி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னதை அம்மா அப்பாவிடம் திருப்பிச் சொன்னார். “ஒண்டும் வைக்க வேண்டாமாம். எடுக்காமல் விட்டாலே போதுமாம்.”

அதன்பிறகு அம்மா குளியலறைத் தொட்டியருகே குந்தியிருந்து, பழைய பல்தூரிகையால் அந்தக் கல்லைத் தேய்த்ததைப் பார்த்தேன். சந்தனம் போய்விட்டது, துளைகளுக்குள் இறங்கிய குங்குமம் போக மறுத்தது. ஏன் அழிக்கிறீர்கள் என்று கேட்டேன். “மற்றவையின்ரை சாமிக்கு நாங்கள் பொட்டு வைக்கக் கூடாது. எனக்கு அது தெரியாமப் போச்சு,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா சாப்பிட வந்தார். அம்மா ஆட்டிறைச்சிக் கறியை இரண்டாம் முறை பரிமாறிவிட்டு, கல்லைத் திருப்பி அனுப்பப் போவதாகச் சொன்னார். அப்பா உடனே கருவேப்பிலையை ஒதுக்குவதில் மும்முரமானார். ஒரு கல்லுக்கு முத்திரை ஒட்டுவதோ, மலை முழுக்கக் கல்தானே என்று மாமா முதலில் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. மாமாவின் முகம் மாறியது.

“உங்களை எல்லாம் எடுத்தனான். நான் ஒரு கல்லை எடுக்கக் கூடாதோ?”

அம்மா கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார். மாமா கோபித்துக்கொண்டு போனால் எங்களுக்கு அந்த நாட்டில் வேறு யாரும் இல்லை. அது எனக்கே தெரிந்திருந்தது.

“என்னைக் கேட்டு எடுத்தனீங்கள், அண்ணை. நானும் ஓமெண்டு சொன்னனான். இதை ஆரைக் கேட்டு எடுத்தனீங்கள்?”

மாமா தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். கோட்டை மாட்டினார். போய்விடுவார் என்று பயந்து எனக்கு அழுகை வந்தது. வாசலில் நின்று, திங்கட்கிழமை தனக்கு லீவு, தபால் கந்தோருக்குத் தானே காரில் கூட்டிப்போவதாகச் சொன்னார். என் மாமாவை எனக்கு எப்போதும் பிடிக்கும். அன்றைக்கு இன்னும் கொஞ்சம் கூடப் பிடித்தது.

ஆன்ரி வேலைசெய்த ஹொட்டலிலிருந்து மாமி கொண்டுவந்த சவர்க்கார உறையில் விலாசம் இருந்தது. அதைப் பார்த்துப் பெட்டியின் மேல் ஆன்ரிக்கு என்று நான்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். பள்ளிக்கூடம் விட்டதும் மூவருமாகப் போனோம். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண், இது அன்பளிப்பா என்று கேட்டாள். நான் அம்மாவுக்குச் சொன்னேன். “இல்லையெண்டு சொல்லு. அது அவையின்ரை சாமான்,” என்றார் அம்மா.

பெட்டியை உள்ளே தள்ளுமுன் அம்மா அதன்மேல் கையை வைத்து மெதுவாகச் சொன்னார். “போ அம்மா. போய் அங்கையே இரு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புறப்படுகிறவரைப் பார்த்துப் ‘போ’ என்று சொல்லலாமா? கடைக்குப் பால் வாங்கப் போனாலும், போய்த் திரும்பி வருவேன் என்ற பொருளில் ‘போட்டு வாறன்’ என்றுதான் சொல்லவேண்டும். வாசலில் நிற்பவர் ‘போட்டு வா’ என்பார். பள்ளிக்கூடம் புறப்படும்போது ‘போறன்’ என்று சொல்லி நான் அம்மாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட அம்மா பிழை விட்டால் சும்மா இருப்பேனா?

“போட்டு வா எண்டெல்லே சொல்லோணும்?” என்றேன், வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “வீட்டுக்குப் போறவைக்கு அப்பிடிச் சொல்லத் தேவையில்லை.”

இப்படி ஒரு விதிவிலக்கு இருப்பது எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாகப் போய்விட்டது. காரில் ஏறிப் பின்சீட்டில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அதைப் பரீட்சித்துப் பார்த்தேன்.

“மாமா, நாங்களும் இப்ப வீட்டுக்குத்தானே போறம்? எங்களுக்கும் ‘போ’ எண்டு சொல்லலாமோ?”

மாமா சாவியைப் போட்டார், திருகவில்லை. அம்மா கோட் கையால் பக்கத்துக் கண்ணாடியின் பனிப்புகாரைத் துடைத்துவிட்டுத் தெருவைப் பார்த்தபடி இருந்தார். கார் பழுதாகிவிட்டது, இனிப் பஸ்ஸில்தான் போகவேண்டும் என்று நினைத்து நான் சப்பாத்தைத் திரும்ப மாட்டத் தொடங்கினேன்.